விசாரமும் விசாரிப்பும்

'விசாரம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள்கள் வழங்கிவருகின்றன. மனத்தை அரிக்கும் கவலை என்பது ஒன்று. ஆராய்ந்து கேட்டல் என்பது மற்றொன்று. துக்கத்தில் ஆழ்ந்தவனைப் 'பெரிய விசாரத்தில் இருக்கிறான்' என்று சொல்லும் அதே ஊர், அவன் வீட்டுத் திண்ணையில் சற்று அமர்ந்து நலம் கேட்டுவிட்டு வருவதை 'விசாரித்துவிட்டு வந்தேன்' என்றும் சொல்கிறது. துயருக்கும், அத்துயரை நாடிச் செல்லும் கேள்விக்கும் ஒரே சொல்லிலிருந்து பெயர் அமைந்திருப்பதை ஆராய்ச்சிக்குரிய சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருளுக்கு அது ஒரு வாயிலாகலாம்.

உறக்கம் கெட்டு, உண்ட சோறு கசந்து, இனி என்ன என்று திகைத்து நிற்கும் ஒருவர் துணை தேடி எங்கே செல்லவேண்டும்? அல்லது, அவரைத் தேடி யார் வரவேண்டும்? இவ்வினாவுக்குத் தமிழ்நாட்டில் பல நூற்றாண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வந்திருக்கின்றன. பழைய விடை மறைந்து புதியது அதன் இடத்தைப் பற்றிக்கொள்ளவில்லை. எல்லா விடைகளும் இன்றும் அருகருகே உயிரோடு இருக்கின்றன. விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்புக்குச் செல்லும் சாலையில், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் அயலில் உள்ள கம்மாபுரம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், ஒரு நாள் பயணத்துக்குள் மந்திரித்துக் கயிறு கட்டுபவர், மணவாளநல்லூர்க் கொளஞ்சியப்பர் கோயில், விருத்தாசலம் அரசு மருத்துவமனை, சிதம்பரத்து மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர் ஆகிய அனைத்தையும் ஒருவர் எட்டிவிடலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, சட்டைப்பையிலுள்ள கைப்பேசியும் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு காலத்தின் கருத்தைத் தாங்கி நிற்கிறது. அக்கருத்துகள் எங்கே பிறந்தன, எதைச் சாதித்தன, எங்கே தளர்ந்தன என்று பார்ப்பதே இங்கு நோக்கம்.

உடலே காரணம் என்ற கருத்து

'பைத்தியம்' என்று நாம் இன்று இழிவாக வழங்கும் சொல், தன் பிறப்பில் இழிவானதன்று. பித்தத்தால் விளைந்தது என்பதே அதன் பொருள். வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றின் சமநிலை குலைவதால் உடல் நோயுறுவதுபோலவே மனமும் நோயுறுகிறது என்று கொண்ட வைத்திய மரபு, மனக்கலக்கத்தைப் பாவத்தின் பலன் என்றோ தெய்வக் குற்றம் என்றோ மட்டும் பாராமல் சிகிச்சைக்குரிய ஒரு நிலையாகக் கண்டது. அகத்தியர் பெயரால் வழங்கும் கிரிகை நூல் இக்கலக்கத்தைப் பதினெட்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறது. எண்ணெய் முழுக்கும், நசியமும், மூலிகைக் கஷாயங்களும், உணவுப் பத்தியமும் இம்மரபின் கருவிகள்.

இம்மரபைப் பழங்கதை என்று தள்ளிவிட விரும்புவோர் சர்ப்பகந்தா என்னும் செடியின் வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம். நாட்டு வைத்தியர்கள் வெறிக்கும் உறக்கமின்மைக்கும் கொடுத்துவந்த அதன் வேரைப்பற்றி, 1931-இல் கல்கத்தாவில் கணநாத சேனரும் கார்த்திக் சந்திர போஸும் ஆங்கில மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் மருந்து, 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மனநோய் மருத்துவமனைகளை எட்டியது. ஆனால் அதே மருந்து சிலருக்கு ஆழ்ந்த சோர்வை வருவித்தது என்ற புகார்கள் விரைவிலேயே எழுந்தன; வேறு மருந்துகள் வந்ததும் அது பின்தள்ளப்பட்டது. நாட்டு மருந்தில் வீரியம் உண்டு என்பதையும், வீரியமுள்ள எதற்கும் கண்காணிப்பு வேண்டும் என்பதையும் இவ்வொரு கதையே காட்டுகிறது.

இக்கருத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. வெளிப்படையாகப் பிதற்றுபவரை இம்மரபு கண்டுகொண்டது. ஓசையின்றி உள்ளே வாடுபவரை அந்த அளவுக்குக் கண்டுகொண்டதாகத் தோன்றவில்லை. கடன்பட்ட விவசாயியின் உறக்கமின்மையும், பிள்ளை பெற்ற சில வாரங்களில் காரணம் தெரியாமல் அழும் தாயின் சோர்வும், வைத்தியரிடம் கொண்டுசெல்லத் தக்க நோய்களாகப் பலருக்கும் இன்றுகூடப் படுவதில்லை. 'யோசனை அதிகமாகிவிட்டது', 'மனசு சரியில்லை' என்ற சொற்களோடு அவை வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகின்றன.

சந்நிதியில் வைக்கப்படும் முறையீடு

விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் உள்ள கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. தீராத குறையுடையவர் தம் பெயர், ஊர், குறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, முருகப் பெருமானுக்கு விண்ணப்பமாகப் பாவித்து, அதை முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுச் செல்கிறார். இதற்குப் 'பிராது கட்டுதல்' என்று பெயர். குறை தீர்ந்தபின் அவர் மறுபடியும் வந்து, தாம் கொடுத்த பிராதை ராஜினாமாச் செய்யவேண்டும். நீதிமன்றத்தின் நடைமுறையையும் அதன் சொற்களையும் அப்படியே எடுத்துக்கொண்ட இவ்வழிபாடு, மனத்தின் பாரத்தைச் சொல்லாக்கி, ஒருவரிடம் ஒப்படைத்து, முடிவு தெரியும்வரை அவ்வழக்கைத் திறந்தே வைத்திருக்கும் ஓர் ஏற்பாடாகும். தன் குறை இன்னதென்று எழுதுவதே மனத்துக்கு இலேசு தரும் என்பதை, 1986-லிருந்து அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னபேக்கர் என்னும் உளவியலார் நடத்திய எழுத்துப் பரிசோதனைகள் ஓரளவுக்கு ஆதரிக்கின்றன. அவற்றைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் பயன் சிறிதாகவே காணப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பக்தரின் நம்பிக்கையை இவ்வாய்வுகளைக்கொண்டு அளப்பதும் பொருந்தாது.

பிராது, தன் குறையைத் தானே எடுத்துச் சொல்லக்கூடியவர்க்கு உரியது. சொல்லும் நிலையைக் கடந்துவிட்டவர்களுக்கு வேறு தலங்கள் பெயர்பெற்றன. திருச்சிக்கு அருகே குணசீலத்தில் பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கவைத்தால் சித்தம் தெளியும் என்ற நம்பிக்கை நெடுங்காலத்தது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தினரும் நோயாளிகளை அழைத்துச் சென்றனர்.

இவ்விடங்களைப் பற்றிய வாதத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஓராண்டுகூட இல்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியுமுன், ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநோயாளர் இல்லம் ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் மாண்டார்கள். இறந்தோர் தொகை 28. உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. 2002 ஜூலையில், பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த மனநல மருத்துவர் ரகுராமும் அவருடைய தோழர்களும், தமிழ்நாட்டின் முத்துசுவாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரை ஆராய்ந்து, பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அக்கோயிலில் மருந்து இல்லை. மந்திரச் சடங்கும் பெரிதாக இல்லை. உறவினர் ஒருவர் உடனிருக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் வளாகத்தைத் துப்புரவு செய்வதுமாகச் சராசரி ஆறு வாரம் அவர்கள் தங்கியிருந்தார்கள். நோயின் கடுமையை அளக்கும் அளவுகோலில் ஏறக்குறைய 19 சதவீதம் தணிவு காணப்பட்டது.

கோயிலுக்குப் போனால் குணமாகும் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. ஆனால் தங்கியவர் தொகை சிறிது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு கூட்டம் இல்லை. ஆறு வாரத்துக்குப் பின் என்ன ஆயிற்று என்பது அந்த அளவீட்டுக்கு அப்பாற்பட்டது. ஆகவே அம்முடிவு இவ்வாய்வின் வலிமைக்கு மிஞ்சியது. எனினும் ஆய்வாளர்கள் கவனித்த ஒன்று இக்கட்டுரைக்கு மிக முக்கியமானது: அங்கு நோயாளி தனித்து விடப்படவில்லை, அவமதிக்கப்படவும் இல்லை. ஏர்வாடியில் எரிந்த கொட்டகையையும் இக்கோயிலையும் வேறுபடுத்துவது தெய்வத்தின் பெயரன்று. ஓரிடத்தில் உறவினர் அருகிலேயே இருந்தார். மற்றோரிடத்தில் சங்கிலியைப் பூட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினார்.

மதிலுக்கு உள்ளே

ஐரோப்பியரின் விடை மதிலாக வந்தது. 1794-இல் வாலண்டைன் கானலி என்னும் கம்பெனி வைத்தியர் சென்னையில் சித்தம் கலங்கியவர்களுக்கென ஒரு விடுதி தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் பெரிய வளாகம் திறக்கப்பட்டது. இன்று அரசு மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடப்பது அதுவே. அக்காலச் சட்டங்களின் நோக்கம் நோயாளியின் நலத்தைவிட ஊராரின் பாதுகாப்பிலேயே நின்றது. 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே 'பித்தர்' என்ற சொல் இருந்தது. 'கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பவேண்டும்' என்பது தமிழ் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் வசவாக மாறியதற்கு அம்மதிலே காரணம். ஒருவர் உள்ளே சென்றால் திரும்பி வரமாட்டார் என்று ஜனங்கள் எண்ணினார்கள். அநேகர் விஷயத்தில் அவ்வெண்ணம் பொய்யாகவும் இல்லை.

1952-இல் பிரான்சில் குளோர்புரோமசின் என்னும் மருந்தின் பயன் தெரியவந்தபின் நிலைமை மாறியது. சிகிச்சை பெற்று வீடு திரும்புவது சாத்தியமாயிற்று. இந்நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் சாரதா மேனன், 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்து, நோயாளிகளுக்குத் தொழிற்பயிற்சி தந்து வீட்டுக்கு அனுப்பும் வேலையில் சிரத்தை கொண்டார். ஓய்வுபெற்ற பின் 1984-இல் மனச்சிதைவு நோய்க்கென்றே ஸ்கார்ஃப் என்னும் ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார். நோயாளியின் செவியில் ஒலிக்கும் குரல்கள் மருந்தால் அடங்கியபின்னும் அந்த மனிதருக்கு வேலை, உறவு, மரியாதை ஆகியவை திரும்பக் கிடைக்கவில்லையானால் சிகிச்சை பாதியில் நிற்கிறது என்ற கொள்கை அவரோடு தமிழ்நாட்டில் வேரூன்றியது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பான்யன் என்னும் அமைப்பு, வீடே இல்லாமல் தெருவில் திரியும் பெண்களை நோக்கி இக்கொள்கையை விரித்தது.

இவ்விடத்தில் அறிஞரிடையே நெடுநாள் நடந்த ஒரு விவாதத்தையும் குறிக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1960-களின் பிற்பகுதியிலிருந்து பல நாடுகளில் நடத்திய ஆய்வுகள், மனச்சிதைவு நோய் செல்வ நாடுகளைவிட இந்தியா போன்ற நாடுகளில் நன்கு தணிகிறது என்று காட்டின. நம் கூட்டுக் குடும்பமே மருந்து என்ற பெருமிதம் அதிலிருந்து பிறந்தது. 2008-இல் கோஹன், விக்ரம் பட்டேல், ஸ்கார்ஃபைச் சேர்ந்த தாரா, குரேஜே ஆகிய நால்வரும் அம்முடிவை மறுபரிசீலனை செய்து, ஏழை நாடுகளிலும் நோயின் போக்கு இடத்துக்கு இடம் பெரிதும் வேறுபடுகிறது என்றும், சிகிச்சையின்றிக் கிடப்போரின் நிலை அவ்வளவு நல்லதன்று என்றும் எச்சரித்தனர். குடும்பம் துணைதான், சிற்சில வேளைகளில் சங்கிலியைப் பூட்டிய கையும் குடும்பத்தினுடையதே. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்ளாத எந்தக் கொள்கையும் முழுமையாகாது என்பது இக்கட்டுரையாளரின் அபிப்பிராயம்.

மதிலின் மற்றொரு குறை தூரம். 2015–16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் இருப்பதாகவும், நோய்க்குத் தக்கவாறு 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருப்பதாகவும் மதிப்பிட்டது. ஒரு நாள் கூலியை இழந்து பேருந்தேறிச் சென்று, வரிசையில் நின்று, ஐந்து நிமிஷம் பேசி, மாத்திரையோடு திரும்பவேண்டியவர்க்கு, மருத்துவமனை இருப்பதும் இல்லாததும் ஏறக்குறைய ஒன்றே.

அயலாரின் செவி

மருத்துவர் போதாத நாட்டில், மருத்துவரல்லாதாரும் துயர் கேட்கக் கற்றுக்கொள்ளலாமே என்ற எண்ணம் அண்மைக் காலத்தின் விடை. 1986-இல் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா, பயிற்சி பெற்ற தொண்டர்களைக்கொண்டு, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோரின் பேச்சைப் பொறுமையோடு கேட்கும் பணியை மேற்கொண்டது. கோவாவில் விக்ரம் பட்டேலின் குழுவினர், உள்ளூர் மக்களுக்கே பயிற்சியளித்து, மனச்சோர்வுற்றோரை ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசச் செய்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதத்தில் அவ்வாறு துணை பெற்றோரில் 64 சதவீதமும், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோரில் 39 சதவீதமும் நோயிலிருந்து மீண்டனர். அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது பெரிய தத்துவம் ஒன்றுமன்று: சோர்வால் விட்டுப்போன அன்றாடச் செயல்களை, நடை, சமையல், நண்பரைச் சந்தித்தல் என ஒவ்வொன்றாக மறுபடியும் தொடங்கச் செய்வதே அதன் சாரம்.

இவ்விடை பேரிடர்க் காலத்தில் சோதனைக்குள்ளாயிற்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையில் அறுநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. ஆறுதல் சொல்ல நாலா திசையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்களில் அநேகர் நல்லெண்ணம் உடையவர்கள். ஆனால் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதே சிகிச்சை என்று சிலர் கருதினார்கள். 2007-இல் சர்வதேச நிறுவனங்கள் கூடி வகுத்த நெறிகள் இதை மறுத்தன: முதலில் உணவு, இருப்பிடம், பிரிந்த உறவினரைச் சேர்த்தல், ஈமக்கடனைச் செய்ய வசதி, பிறகே ஆலோசனை, பேச விரும்பாதவரை வற்புறுத்தக்கூடாது.

யாழ்ப்பாணத்து அனுபவம் இதைக் காட்டிலும் ஆழமானது. போரின் நடுவே அங்கு நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், காயம்பட்டது தனி மனம் மட்டுமன்று, குடும்பமும் ஊரும் ஆகிய கூட்டுமாகும் என்று வாதித்து, 'கூட்டு மனவடு' என்ற கருத்தை எழுதினார். பள்ளி ஆசிரியர்கள், கிராமத் தலைவர்கள், சடங்கு செய்வோர் ஆகியோரையே பயிற்றி ஆற்றுப்படுத்துவோராக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல்லை ஈழத்தவர் உளவளத் துணைக்கு எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தம்: வழி அறிந்த பாணன் வறிய பாணனுக்குப் பாதை சொல்லும் பழைய இலக்கிய மரபின் பெயர் அது.

ஆயினும் அயலார் செவிக்கும் எல்லைகள் உண்டு. ஊருக்குள் இருப்பவரிடம் சொன்னால் ஊர் முழுதும் அறிந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்குப் பேச்சுமட்டும் போதாது. ஊதியமில்லாத் தொண்டர்மீது, பெரும்பாலும் பெண்கள்மீது, அரசு தன் கடமையை இறக்கிவைக்கும் அபாயமும் இதில் இருக்கிறது.

நிலம் போனால் மனம் என்னாகும்?

இதுவரை கண்ட விடைகளெல்லாம் நோயை மனிதருக்குள் தேடின. காரணம் வெளியே இருந்தால்? கம்மாபுரம் போன்ற வட்டாரத்தில் இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு மனநலம் பேசுவது நேர்மையாகாது.

1956-இல் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதத்தில் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அகற்றி நிலக்கரியைத் தோண்டும் திறந்தவெளிச் சுரங்கமாகையால், மின்சாரம் ஈன்ற ஒவ்வோர் ஆண்டும் அதற்கு நிலம் தேவைப்பட்டது. எத்தனையோ குடும்பங்கள் வேலையும் வீடும் பிள்ளைகளுக்குக் கல்வியும் பெற்று உயர்ந்தன. எத்தனையோ குடும்பங்கள் வயலையும் குலதெய்வத்தையும் விட்டுப் பெயர்ந்தன. ஒரே வீட்டில் இரண்டும் நடந்ததும் உண்டு. 2023 ஜூலையில், வளையமாதேவியில் பயிர் நின்ற நிலத்தில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக எந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கொந்தளிப்பு, இழப்பீட்டுத் தொகையைப் பற்றிய வழக்காக மட்டும் இருக்கவில்லை. கதிர் முற்றும்வரை காத்திருக்கக் கூடாதா என்ற கேள்வியில் வேறொரு வேதனை ஒலித்தது.

அவ்வேதனைக்கு அறிஞர் சிலர் பெயர் தேடினர். ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கில் திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கங்கள் விரிந்தபோது, அங்குள்ளோரின் துயரைக் கேட்டறிந்த கிளென் ஆல்பிரெக்ட் என்னும் தத்துவ அறிஞர், 2003-இல் 'சொலஸ்டால்ஜியா' என்னும் சொல்லைப் படைத்தார். ஊரைவிட்டுப் போனவருக்கு வருவது ஊர் ஏக்கம். ஊரிலேயே இருக்க, ஊர் தன் கண்முன்னே வேறாகிப்போவதால் வரும் ஏக்கத்தை இச்சொல் குறிக்கிறது. இடப்பெயர்ச்சியைப் பற்றி ஆராய்ந்த சமூகவியலார் மைக்கேல் செர்னியா, நிலம், வேலை, வீடு இவற்றின் இழப்போடு, பொதுச் சொத்தின் இழப்பையும் சமூகப் பிணைப்பின் சிதைவையும் வறுமையின் காரணங்களாகக் கணக்கிட்டார். பணமாக ஈடுசெய்யப்படுபவை முதல் மூன்றே. அடுத்த வீட்டுக்காரரை எவரும் ஈடுசெய்து கொடுப்பதில்லை.

இயற்கையும் இதில் சேர்ந்துகொள்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறிய தானே புயல், இம்மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. நெல் விழுந்தால் அடுத்த பட்டம் உண்டு. முந்திரி விழுந்தால் ஒரு தலைமுறையின் சேமிப்பு விழுகிறது.

ஆகவே, 'ஆலோசனை வேண்டா, நியாயம் வேண்டும்' என்போரின் கட்சியைச் சுலபமாக மறுக்க முடியாது. உழவனின் கோபத்தையும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையற்ற வாழ்வையும் 'மன அழுத்தம்' என்று பெயரிட்டு மாத்திரை கொடுப்பது, காரணத்தை மறைக்கும் செயலாகிவிடக்கூடும். ஆனால் இக்கட்சிக்கும் ஒரு குறை உண்டு, அது சிறிய குறையன்று. நியாயம் கிடைக்க இருபது ஆண்டுகள் ஆகலாம். இன்றிரவு உறங்க முடியாதவருக்கு இன்றிரவே துணை வேண்டும்.

2022-இல் நாடெங்கும் 1,70,924 பேர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டதாகத் தேசியக் குற்றப்பதிவு அலுவலகம் பதிந்தது. அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டினர், மாநிலங்களுள் இரண்டாவது பெருந்தொகை. காரணமாகக் 'குடும்பப் பிரச்சினை' என்பதே மிகுதியாக எழுதப்பட்டது. காவலர் நிரப்பும் அக்கட்டத்துக்குள் கடன், குடி, நிலம், நோய், அவமானம் அனைத்தும் அடங்கிவிடக்கூடுமாதலால், அதைக்கொண்டு காரண விசாரணை செய்வதில் எச்சரிக்கை தேவை.

காரணம் முழுதும் தெளியும்வரை காத்திராமல் உயிரைக் காக்கலாம் என்பதற்கு இம்மாவட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பகுதியில் சிநேகாவைச் சேர்ந்தோர், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுக் கிடங்கில் ஒவ்வோர் உழவருக்கும் ஒரு பெட்டி ஒதுக்கிப் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். 2013-இல் வெளியான அவர்களது அறிக்கை, ஊரார் அதை விரும்பி ஏற்றதையும், அவ்வூர்களில் தற்கொலை குறைந்ததையும் காட்டியது. ஊர்கள் சிலவே ஆகையால் முடிவைப் பெருக்கிச் சொல்லலாகாது. ஆனால் இலங்கை கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தபின் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பெருமளவு தாழ்ந்ததும் இதே திசையைச் சுட்டுகிறது. ஆபத்தான எண்ணம் பலருக்கு அலைபோல் எழுந்து அடங்குவது. அந்தச் சில மணி நேரம் கடந்துவிட்டால் உயிர் தங்கும்.

இன்று கைக்கெட்டுபவை

சட்டம் பெரிதும் மாறியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை உரிமை என்றது. எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன உளைச்சலுக்கு ஆளானவராகக் கருதவேண்டுமேயன்றித் தண்டிக்கலாகாது என்றது. ஆகவே காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவமனையைத் தவிர்க்க வேண்டியதில்லை. கிராமங்களில் இன்னும் பலர் இதை அறியார். 1982-இல் தேசியத் திட்டமாகவும் 1996 முதல் மாவட்டத் திட்டமாகவும் வந்த ஏற்பாட்டின் வழியாக, மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவை நாடலாம். 2022 அக்டோபரில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 14416 என்னும் தொலைபேசிச் சேவை, இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. சிநேகாவை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

தன்னைத் தானே பேணுவதைப் பற்றி எல்லா மரபுகளும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன: உறக்கத்துக்கு ஒரு கிரமம், உடலுக்கு உழைப்பு, குடியை விலக்குதல், நம்பும் ஒருவரிடமேனும் மனம் திறத்தல். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் முறை மாறி மாறி வேலை செய்வோர்க்கு இவற்றுள் முதலாவதே எட்டாக்கனி என்பதை அறிவுரை கூறுவோர் மறக்கலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் உணவும் கெட்டு, எதிலும் பற்றின்றிப் போனாலோ, சாவைப்பற்றிய எண்ணம் தலைகாட்டினாலோ, கோயிலுக்குப் போவதோடு மருத்துவரிடமும் போகவேண்டும். ஒன்றைச் செய்ய மற்றொன்றை விடவேண்டியதில்லை.

முடிவுறாத வினாக்கள்

எந்த விடை சரி என்று கேட்பதைவிட, விடைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்று கேட்பது இன்றைய நிலையில் பயனுள்ளதாகத் தோன்றுகிறது. கோயிலுக்கு வருவோரில் மருந்து தேவைப்படுவோரை அடையாளம் கண்டு அனுப்பும் ஏற்பாடு, பக்தியைப் புண்படுத்தாமல் எங்கும் பரவ முடியுமா? நிலம் எடுக்கும்போது வகுக்கும் மறுவாழ்வுத் திட்டத்தில் மனத்தின் இழப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டுமானால், அதை எந்த அளவுகோலால் அளப்பது? ஊருக்குள் பயிற்சி பெற்றவர் ரகசியத்தைக் காப்பார் என்ற நம்பிக்கையை எதனால் வளர்ப்பது? இவற்றுக்கு இன்னும் உறுதியான விடை இல்லை.

ஒன்றில் மட்டும் சான்றுகள் சற்றே வலுவாக இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், உயிரை மாய்க்க முயன்று பிழைத்த 1,867 பேரைப் பின்தொடர்ந்து, 2008-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மறு பகுதியினருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை 'எப்படி இருக்கிறீர்கள்?' என்ற விசாரிப்பும் சேர்ந்தன. நேரிலோ தொலைபேசியிலோ, அவ்வளவே. முதற்பகுதியினரில் 2.2 சதவீதத்தினர் பின்னர்த் தற்கொலையால் இறந்தனர், விசாரிக்கப்பட்டோரில் 0.2 சதவீதத்தினர். பிற்காலத்தில் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இதே அளவு பயனைக் காட்டவில்லை. எனவே எதனால் இது விளைந்தது, எங்கெல்லாம் விளையும் என்பது இன்னும் ஆராயப்பட வேண்டியதே.

கொளஞ்சியப்பர் சந்நிதியில் பிராது கட்டியவர் குறை தீர்ந்ததும் திரும்பி வந்து ராஜினாமாச் செய்யவேண்டும் என்பது விதி. அதனால் அவருடைய வழக்கு எவ்வாறு முடிந்தது என்பது அந்தச் சந்நிதிக்குத் தெரியவருகிறது. கம்மாபுரத்திலிருந்து ஒருவர் நள்ளிரவில் 14416-ஐ அழைத்து அழுதுவிட்டு வைத்தால், அடுத்த வாரம் அவரை அழைத்து விசாரிக்க வேண்டியவர் சென்னையிலுள்ள ஆலோசகரா, ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரா, அல்லது ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒருவரா என்பதை இனிமேல்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.